நான் ‘வேண்டாம்’ போட்ட கடிகாரம்

மார்ச் 4, செவ்வாய்

1.9 நொடி! காலையிலிருந்து பதினொரு தடவை மென்பொருளைப் புதிதாக பில்ட் செய்து, கணினி விழிக்கும் நேரத்தைக் கடைசியில் இரண்டு நொடிக்குள் கொண்டுவந்துவிட்டேன்.

நேற்று சாப்பிடும்போது இவர் கேட்டார், “நாள் முழுக்க அந்த ஸ்கிரீன்ல என்னத்ததான் டிக் போடற?” ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள்ளே இருபது முப்பது மெய்நிகர் கம்ப்யூட்டர் ஓடும், ஒவ்வொன்றுக்கும் அடியில் கெர்னல் என்று ஓர் அடிப்படை மென்பொருள் உண்டு, அதை உருவாக்கும்முன் எது வேண்டும், எது வேண்டாம் என்று ஆயிரக்கணக்கான கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றேன். “எங்க டெப்போ லீவு ஃபாரம் மாதிரின்னு சொல்லு” என்றார். பஸ் ஓட்டுகிறவருக்கு உலகமே டெப்போதான்.

மெய்நிகர் கணினி எவ்வளவு சீக்கிரம் விழித்தெழுகிறதோ அவ்வளவு நல்லது. இரண்டு நொடிக்குள் என்று மேனேஜர் வாக்குக் கொடுத்துவிட்டார். அதனால் பத்து நாளாகத் தேவையில்லாததை எல்லாம் கழித்துக்கொண்டிருந்தேன். பழைய பிரிண்டருக்கானது, ஒலிக்கானது, யாரும் கண்ணால் பார்த்திராத கார்டுகளுக்கானது. கடைசியில் பத்தில் ஒரு பங்கு நொடி மட்டும் இடித்தது. மெய்நிகர் கணினி தன் நேரத்தைப் பெரிய கணினியிடம் கேட்டுக்கொள்ள ஒரு பகுதி உண்டு. அதற்கும் ‘வேண்டாம்’ போட்டேன். வந்துவிட்டது.

அந்தத் தேர்வின் விளக்கக் குறிப்பில், ‘சந்தேகமிருந்தால் ஆம் என்றே வையுங்கள்’ என்று இருந்தது. சந்தேகம் இருந்ததா? கொஞ்சம். ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தேன். நேரம் சரியாகத்தான் காட்டியது.

மார்ச் 6, வியாழன்

மேனேஜர் எல்லார் முன்னாலும் கை தட்டினார். வெட்கமாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது. எங்களிடம் மெய்நிகர் கணினிகளை வாடகைக்கு எடுத்திருக்கும் ஆஸ்பத்திரிக்காரர்களின் கணினிகளை எல்லாம் என் கெர்னலுக்கு மாற்றியாயிற்று.

சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது. பிளம்பர் போனையே எடுப்பதில்லை.

மார்ச் 11, செவ்வாய்

சித்தப்பா வந்தார். செர்வர் அறையைப் பார்த்துக்கொள்கிறவர். யாருக்குச் சித்தப்பா என்று தெரியாது. மேனேஜர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார். ஒரு பெரிய கணினியில் மின்விசிறி சத்தம் போடுகிறதாம், மாற்ற வேண்டுமாம்.

“ஏம்மா, ஆஸ்பத்திரியோட மெய்நிகர் கம்ப்யூட்டரை ஓடறபடியே பக்கத்து மெஷினுக்குத் தள்ளிட்டு, இதைப் பிரிக்கலாம்னு இருக்கேன். அந்தப் பக்கத்து மெஷின் கொஞ்சம் பழசு, மெதுவா ஓடும். உன் புது கெர்னலுக்கு ஒண்ணும் ஆகாதே?”

“ஒண்ணும் ஆகாது சித்தப்பா, தாராளமா மாத்துங்க.”

பதினொரு மணிக்கு மாற்றினார். மாலை சீக்கிரம் கிளம்பி, மகளுக்கு ஷூ வாங்கினோம். ஒரு சைஸ் பெரிதாகவே எடுத்தாள், பிடிவாதம்.

மார்ச் 12, புதன்

ஆஸ்பத்திரியில் ஒருவருக்கு மருந்து இரண்டு தடவை போய்விட்டது.

சர்க்கரைக்கான ஊசி. ஐந்து மணி ஊசியை நர்ஸ் ஐந்து மணிக்கே போட்டுப் பதிந்திருக்கிறார். ஆனால் கணினியில் அப்போது மணி நாலேகால்கூட ஆகவில்லை. அதனால் அது வேறு ஏதோ ஊசி என்று கணக்கில் போய், ஐந்து மணிக் கட்டம் சிவப்பாகவே நின்றிருக்கிறது. ஆறு மணிக்கு ஷிஃப்ட் மாறி வந்த நர்ஸ் சிவப்பைப் பார்த்து இன்னொரு ஊசி போட்டுவிட்டார். நோயாளி ஒரு தச்சர், அறுபது வயது. நினைவு தப்பித் தீவிர சிகிச்சையில் இருக்கிறார்.

மணிக்கு எட்டு, ஒன்பது நிமிடம் பின்னால் ஓடியிருக்கிறது. பதினொரு மணியிலிருந்து.

பதினொரு மணி.

மார்ச் 13, வியாழன்

நான்தான்.

சோதனைக் கணினி ஒன்றை எடுத்து, என் கெர்னலைப் போட்டு, வேகமான இயந்திரத்திலிருந்து மெதுவானதற்குத் தள்ளிப் பார்த்தேன். முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. பெரிய கணினியிடம் நேரம் கேட்டுக்கொள்ள வழியில்லாததால் அது பழைய வேகத்தையே நம்பி எண்ணிக்கொண்டிருக்கிறது. நேரத்தைத் திருத்தும் சேவையும் அந்த வழியாகத்தான் கேட்கும். அதையும் சேர்த்தே அடைத்திருக்கிறேன். ஒரே ஒரு ‘வேண்டாம்’.

இடம் மாற்றிச் சோதிக்கவே இல்லை நான். ஒரே இடத்தில் உட்காரவைத்துப் பார்த்துவிட்டு, சரி என்று சொல்லிவிட்டேன்.

அப்புறம் செய்ததை எழுதவே கை வரவில்லை. எழுதுகிறேன். அந்தத் தேர்வைத் திரும்ப ‘ஆம்’ ஆக்கினேன். இன்னும் நாற்பது சின்ன மாற்றங்களோடு கலந்து அனுப்பினேன். மாற்றக் குறிப்பில் ‘சிறு ஒழுங்குபடுத்தல்’ என்று எழுதினேன். யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஒப்புதல் வந்துவிட்டது.

மார்ச் 14, வெள்ளி

தச்சருக்கு நினைவு வந்துவிட்டதாம். நேற்றிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை என்பதே அப்போதுதான் தெரிந்தது.

மார்ச் 17, திங்கள்

விசாரணை. கண்ணாடி அறையில் ஏழு பேர். நான் சித்தப்பாவிலிருந்து இரண்டு நாற்காலி தள்ளி இருந்தேன்.

மேனேஜர் அவரிடம் கேட்டார்: “மாத்தினதுக்கு அப்புறம் நேரம் சரியா இருக்கான்னு பாத்தீங்களா?”

“பாக்கல சார்.”

“மாத்தறதுக்கு முன்னால யார்கிட்டயாவது கேட்டீங்களா?”

சித்தப்பா நாற்காலியை மேசையோடு ஒட்டி இழுத்துக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியையே பார்த்தார். “நான்தான் சார் மாத்தினேன்” என்றார். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

அறிக்கை மாலைக்குள் தயார். ‘காரணம்: முறையான சரிபார்ப்பின்றி இடம் மாற்றியது.’ மறு உத்தரவு வரும்வரை அவர் வேலைக்கு வரக்கூடாது. அடையாள அட்டையைக் கழற்றி வரவேற்பறையில் வைத்துவிட்டுப் போனார். கழுத்துப்பட்டி சுருண்டிருந்ததை நீவிவிட்டு வைத்தார்.

என்னைக் காப்பாற்றுகிறார். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

மார்ச் 19, புதன்

சொல்லணும். எப்படிச் சொல்லுவ? ‘சார், ஒரு நிமிஷம், நான்தான்’னா? வேலை போகும், போகட்டும். ஆனா ‘சிறு ஒழுங்குபடுத்தல்’? அதுக்கு என்ன பதில் வெச்சிருக்க? தெரியாம பண்ணினது தப்பு. தெரிஞ்சு மூடினதுக்குப் பேரு என்ன?

சித்தப்பா, ஐம்பது வயசு மனுஷன், என்னை நம்பித்தானே கேட்டார். நிமிர்ந்துகூடப் பாக்காம சொன்னேனே —

இன்று மகளைக் காரணமே இல்லாமல் திட்டினேன். புது ஷூ கடிக்கிறது என்றாள், அவ்வளவுதான்.

மார்ச் 22, சனி

இவரிடம் சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தார். நான் பாதி சொல்வதற்குள்ளேயே மடிப்பதை நிறுத்திவிட்டார்.

“அந்தத் தச்சர் இப்ப எப்படி இருக்கார்?”

“பரவாயில்லைன்னு சொல்றாங்க. வார்டுக்கு மாத்திட்டாங்க.”

“சித்தப்பா?”

“வீட்டுல.”

கையிலிருந்த துண்டைக் கட்டிலில் வைத்தார். பிறகு, “மூணு வருஷம் முன்னால டெப்போ சுவத்துல இடிச்சேன்னு சொன்னேனே. பிரேக் சரியில்லைன்னு எழுதிக் குடுத்தேன். பிரேக் நல்லாத்தான் இருந்தது. மெக்கானிக்கை ரெண்டு நாள் வாட்டி எடுத்தாங்க. இன்னிக்கும் அவன் எதிர்ல வந்தா நான் ஷூ லேஸ் கட்டற மாதிரி குனிஞ்சுக்கறேன்” என்றார்.

எனக்கு இது தெரியவே தெரியாது. பத்து வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம்.

“நீ சொல்லிடு. என்னை மாதிரி குனிஞ்சுக்கிட்டு திரியாத” என்றார்.

மார்ச் 24, திங்கள்

சொன்னேன்.

எல்லாவற்றையும் அச்சிட்டு எடுத்துப் போனேன். பழைய தேர்வுப் பட்டியல், புதியது, சோதனை முடிவு, ‘சிறு ஒழுங்குபடுத்தல்’ குறிப்பு. மேனேஜர் இரண்டு தடவை படித்தார். கதவைச் சாத்தினார்.

“இதைத்தான் நீயே சரி பண்ணிட்டியே. ஆஸ்பத்திரிக்கு ரிப்போர்ட் போயாச்சு, அவங்க ஏத்துக்கிட்டாச்சு. மறுபடி கிண்டினா யாருக்கு என்ன ஆகப்போகுது?”

“சித்தப்பாவுக்கு ஆகும் சார்.”

“ஒரு மாசத்துல அவரைக் கூப்பிட்டுக்கலாம், சத்தமில்லாம.”

அவர் தாளை மடித்து மேசை இழுப்பறைக்குள் வைக்கப் போனார். கை நீட்டி வாங்கிக்கொண்டேன். எனக்கு அவ்வளவு தைரியம் கிடையாது. எப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. இடத்துக்கு வந்து, சித்தப்பா உட்பட விசாரணையில் இருந்த எல்லாருக்கும் ஆஸ்பத்திரிக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன். ‘காரணம் நான்’ என்று ஆரம்பித்தேன். சித்தப்பா கேட்ட கேள்வியையும் நான் சொன்ன பதிலையும் அப்படியே போட்டேன்.

அனுப்பிய பிறகு அச்சிட்ட தாள்களை அடுக்கிப் பைக்குள் வைத்தேன்.

மார்ச் 25, செவ்வாய்

சித்தப்பாவுக்குப் போன் செய்தேன். மன்னிப்புக் கேட்டேன். பிறகு, “என்னைக் காப்பாத்தணும்னு நீங்க அன்னிக்குச் சொல்லாம இருந்தீங்க, நான் அதுக்குக்கூட —” என்று ஆரம்பித்தேன்.

“யார் சொன்னா?” என்றார்.

எனக்குப் புரியவில்லை.

“உன்னைக் காப்பாத்தணும்னு எல்லாம் இல்லம்மா. நீ சொன்னது வாய் வார்த்தை. எழுத்துல ஒண்ணும் இல்ல. நான் உன் பேரைச் சொன்னா, நீ ‘அப்படிச் சொல்லவே இல்ல’ன்னு சொல்லிடுவேன்னு நினைச்சேன். எல்லார் முன்னாலயும் பொய்க்காரனாவும் ஆகணுமான்னு விட்டுட்டேன்.”

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“இல்லைன்னுதான் சொல்லியிருப்பியா?” என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

அந்த அறையில், அந்த ஏழு பேர் முன்னால்... “இல்லைன்னுதான் சொல்லியிருப்பேன்னு நினைக்கிறேன் சித்தப்பா” என்றேன்.

“ம்” என்றார். “என் பொண்ணு ஒரு வாரமா மொகத்தைப் பாத்துப் பேசல. அவகிட்ட அந்த மெயிலைக் காட்டறேன்.” வைத்துவிட்டார்.

ஏப்ரல் 2, புதன்

ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். தச்சரின் மகள் என்னைப் பார்க்க வேண்டும் என்றாளாம். நடைபாதை முடிவில் பிளாஸ்டிக் நாற்காலிகள். அவளுக்கு என் வயதுதான் இருக்கும். நான் தயார் செய்துகொண்டு போன வாக்கியங்களைக் கேட்டுக்கொண்டே இருந்தாள், கையில் தகப்பனாரின் மூக்குக் கண்ணாடி.

“அப்பா எழுந்து நடக்கறாரு. ஆனா ரெண்டாவது பையன் பேரு மறந்து மறந்து போகுது. திரும்பி வரலாம்கறாங்க, வராமலும் போகலாம்கறாங்க.”

“மன்னிச்சிடுங்க.”

“மன்னிக்கல” என்றாள். “ரெண்டாவது ஊசி போட்ட நர்ஸ் தினம் வந்து அழுதுட்டுப் போறாங்க. தன்னாலதான்னு. இனிமே அழவேண்டாம்னு அவங்ககிட்ட நீங்களே சொல்லுங்க. அதுக்குத்தான் வரச் சொன்னேன்.”

வார்டுக்கு அழைத்துப் போனாள். சொன்னேன். நர்ஸ் என்னைவிடச் சின்னவள். கையுறையைக் கழற்றாமலே நின்று கேட்டாள். “அப்ப நான் சரியாத்தான் பாத்தேனா?” என்றாள். “சரியாத்தான் பாத்தீங்க. ஸ்கிரீன்தான் தப்பு” என்றேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

தச்சர் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் விரல்களைப் பார்த்தேன். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஏப்ரல் 9, புதன்

திருத்திய அறிக்கை வந்தது. என் பெயர் இருக்கிறது. நான் சோதிக்காமல் விட்டது, பிறகு மறைத்தது, இரண்டும் தனித்தனி வரியில். ஆஸ்பத்திரிக்காரர்கள் விடாப்பிடியாகக் கேட்டிருக்காவிட்டால் இரண்டாவது வரி வந்திருக்காது என்று மேனேஜரே சொன்னார். வேலை போகவில்லை. ஆனால் கெர்னல் இனி என் கையில் இல்லை. மற்றவர்கள் உருவாக்குவதைச் சோதித்துச் சொல்ல வேண்டும். என்னைவிட ஆறு வயது இளையவளிடம் அறிக்கை கொடுக்க வேண்டும்.

சித்தப்பா திங்கள்கிழமையிலிருந்து வருகிறார். ‘வணக்கம்’ என்றேன். ‘வணக்கம்’ என்றார். ‘ஏம்மா’ இல்லை.

ஏப்ரல் 21, திங்கள்

குழாயை இவரே சரிசெய்துவிட்டார். இப்போது வேறு இடத்தில் சொட்டுகிறது.

மே 15, வியாழன்

புதிய கெர்னல் இன்று வெளியாவதாக இருந்தது. என் வேலை: ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் கணினியை வெவ்வேறு வேக இயந்திரங்களுக்கு நாற்பது தடவை மாற்றி, ஒவ்வொரு தடவையும் நேரத்தை ஒப்பிடுவது. தள்ளிவிடுவது சித்தப்பா, பார்ப்பது நான். செர்வர் அறைக் குளிரில் இரண்டு ஸ்வெட்டர்கள், தேவைக்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

முப்பத்தெட்டு தடவை சரி. முப்பத்தொன்பதில் மூன்று நொடி பின்னால் போய், அரை நிமிடத்தில் தானாகவே சரியாகிவிட்டது. நாற்பதாவதும் சரி.

மேனேஜர் கதவருகே வந்து நின்றார். “தானா சரியாயிடுச்சுல்ல? மூணு செகண்டுதானே?”

“ஆமா சார், மூணு செகண்டுதான்” என்றேன். படிவத்தில் ‘தவறியது’ என்று எழுதி, என் முழுப்பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டேன். அவர் பெருமூச்சு விட்டுவிட்டு, வெளியீடு தள்ளிப்போகிறது என்று யாருக்கோ சொல்லியபடியே போனார்.

படிவத்தில் இரண்டாவது கையெழுத்துக்கு இடம் காலியாக இருந்தது. சித்தப்பா அதை எடுத்து, முதல் வரியிலிருந்து நாற்பதாவது வரிவரை விரல் வைத்துப் படித்தார். எனக்காக ஒரு வரியையும் விடவில்லை. முடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

“ஏம்மா, முதல்லேருந்து திரும்ப ஓட்டணுமா?” என்றார்.

“ஓட்டணும் சித்தப்பா.”

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.