நான்கு பாட்டுக்கு ஏசி நின்றது

என் வீட்டு மகாராணிக்கு,

நான் இங்கே கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். உன் கை வீக்கம் வடிந்ததா? அம்மா மாத்திரையை ஒளித்துவைக்காமல் விழுங்குகிறாளா?

நான் ஏசி பார்க்கும் அரங்கத்தில் சனிக்கிழமை மாலை ஜாஸ் கச்சேரி. டிரம்ஸ்காரரும் சாக்ஸபோன்காரரும் ஒருவரை ஒருவர் சீண்டிச் சீண்டி வாசித்ததில், என் கால் தானாகத் தாளம் போட்டது. அடுத்தது போசா நோவா என்றார்கள், பிரேசில் நாட்டு மெல்லிசையாம். ஒரு பெண்மணி கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோல மெதுவாகப் பாடினார். ஏசி இரைச்சல் குறுக்கே வருகிறது, ஒரே ஒரு பாட்டுக்கு நிறுத்து என்றார் மேலாளர். நிறுத்தினேன். எழுநூறு பேர் இருந்தும், கம்பியில் விரல் நகரும் சத்தம் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்ற எனக்குக் கேட்டது!

நான்காவது பாட்டின்போது மேலாளர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"என்னய்யா, ஏசியைப் போட மறந்துட்டியா?"

"மறந்துட்டேன் சார். ஆனா ஒருத்தர்கூட எந்திரிக்கல, பாருங்க."

அவரும் பார்த்தார். "சரி, இந்தப் பாட்டு முடியட்டும்" என்று என் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

பாப்பாவைத் தூங்கவைக்க நீ பாடும்போது, உன் குரல் அடுத்த அறைக்குக்கூட எட்டாது என்று எத்தனை தடவை கேலி செய்திருக்கிறேன். புத்திகெட்டவன் நான்.

நீ பாடும் அந்தத் தாலாட்டைப் போனில் பதிவுசெய்து அனுப்பு. வேலைக்குக் கூட்டிப்போகும் வண்டி வாசலில் ஹாரன் அடிக்கிறது. பாப்பாவுக்குக் கொஞ்சம் வியர்த்தாலும் பரவாயில்லை, பாடும்போது மட்டும் ஃபேனை நிறுத்திவிடு.

உன் ஏசிக்காரன்