இறங்காத கட்டை

ஒனேகா ஏரிக்கரை

அன்புள்ள கிளஃபீரா,

இருமல் நின்றதா? நான் சௌக்கியம்.

இங்கே ஒருவருக்கு மரக்கட்டை வீடு கட்டுகிறோம். கட்டைச் சுவர் இடுக்குகளில் பாசிதான் திணித்தோம். சணல் என்றால் குருவிகள் கூட்டுக்குப் பிடுங்கிவிடும். ஆனால் கட்டைகளை இணைக்க மர ஆணி வேண்டாமென்றார் வீட்டுக்காரர்.

"இரும்பாணி அடிப்பா, சீக்கிரம் முடியும்!"

"கட்டை காயக் காய இறங்கணுங்க. இரும்பு விடாது, தொங்கிக்கிட்டு நிக்கும்."

அவர் கேட்கவில்லை. மேல்கட்டை ஆணியில் தொங்கியது, இடைவெளியில் பனிக்காற்று புகுந்தது. ஆணியைப் பிடுங்கினோம், கட்டை சட்டென்று இறங்கியது. என் இடது கை நடுவில் இருந்தது. பயப்படாதே, வலியில்லை. எதுவுமே தெரியவில்லை.

"மர ஆணிதான் நல்லதுன்னு நான் அப்பவே சொன்னேனே" என்கிறார் அவரே இப்போது.

கம்பளிக் கையுறை பின்னி அனுப்பு. இடது கைக்கு மூன்று விரல் போதும்.

தபால் வண்டி கிளம்புகிறது.

உன் எஃபீம்