வாசித்துக் காட்டிய மனு

9-2-86, ஞாயிறு

இன்று செம்பூரில் மூன்று பெண்களுக்குப் படம். மூன்றும் ஊருக்கு, மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற படங்கள். தாராவியில் எங்கள் ஸ்டுடியோவில் அன்னமும் தாமரைக் குளமும் வரைந்த திரை சும்மா தொங்குகிறது. அதை இப்போது யாரும் சீந்துவதில்லை. திரைக்கு முன்னால் நிற்க வைத்து எடுத்தால், பின்னால் எதை மறைக்கிறீர்கள் என்று கடையநல்லூரிலிருந்து கேட்டு எழுதுகிறார்கள். நிஜ பம்பாய் தெரிய வேண்டும், ஆனால் தாராவி தெரியக் கூடாது. ஷாப்பிங் சென்டர் முன்னால் இருக்கிற நீரூற்றுச் சதுக்கத்தை விட்டால் அதற்கு வேறு இடம் ஏது?

ஆண்பிள்ளை படம் எடுத்தால் எங்கள் பெண்கள் புர்காவைக் கழற்ற மாட்டார்கள். அதனால் வெளிப்படம் எல்லாம் நான்தான். இவர் இருட்டறையில் கழுவிப் பிரிண்ட் போடுவதோடு சரி.

மேலே சென்டர் ஆபீஸ் ஜன்னலிலிருந்து சந்திரலேகா கையாட்டினாள். அங்கே டைப்பிஸ்ட். பெண்கள் உடை மாற்ற ஆபீஸ் பாத்ரூமைத் திறந்துவிடுவதும் அவள்தான். மூன்று வருஷம் முன்பு அதே நீரூற்று ஓரத்தில் நான் எடுத்த படத்தைப் பார்த்துத்தான் வேலுச்சாமி அவளைக் கட்டினார். அந்தப் படம்தான் எங்கள் ஷோகேஸில் இருக்கிறது. எங்கள் ஆட்கள் தங்கள் வீட்டுப் பெண்களைக் கண்ணாடியில் வைக்க விடமாட்டார்கள். "என் படத்த வைங்கக்கா, எனக்கென்ன வந்துட்டு" என்று அவள்தான் கொடுத்தாள்.

23-2-86

சதுக்கத்தில் படம் எடுக்கக் கூடாதென்று போர்டு வைத்துவிட்டார்கள். ராத்திரியோடு ராத்திரியாக நட்டிருப்பார்கள் போல.

எங்கள் சந்து நஸீராவின் மகள் பேகத்தை நிறுத்தி, முக்காட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, ஃபோகஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று லென்ஸில் எல்லாம் இருட்டு. வாட்ச்மேனின் உள்ளங்கை. "போட்டோ மனா ஹை." ஏன் எடுக்கக் கூடாது? சேட் சொன்னாராம், இது சேட்டுடைய இடமாம். பக்கத்தில் ஒருவர் தன் குழந்தையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார், அவரிடம் ஒரு வார்த்தை இல்லை. ஃபேமிலி எடுக்கலாமாம், தந்தா, அதாவது தொழில், பண்ணக் கூடாதாம். ஐஸ்கிரீம் வண்டிக்காரன் அங்கே நின்று செய்வது என்ன, தர்மமா?

வாசலில் எழுத்துப் பொறித்த கல்லைக் காட்டினேன். திறப்பு விழா அன்று சந்திராதான் அதை எனக்குத் தமிழில் சொன்னாள்: கார்ப்பரேஷன் இரண்டு மாடி கூடுதலாகக் கட்ட விட்டதற்குப் பதிலாக, இந்தச் சதுக்கம் என்றைக்கும் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும். அவனுக்குக் கல்லும் தெரியவில்லை, காதும் கேட்கவில்லை. கூட்டம் கூடிவிட்டது. நஸீரா மகள் மேல் புர்காவைப் போட்டு மூடி இழுத்துக்கொண்டு போனாள். "நாலு ஆம்பளைய மத்தியில எம்பிள்ளைய நிறுத்திட்டியே நூரு."

24-2-86

சந்திரா வீட்டுக்கே வந்துவிட்டாள். "நான் பாத்துக்கிடுதேன்க்கா. வார்டு ஆபீசுக்கு இங்கிலீஷ்ல ஒரு மனு போடுவோம். நானே டைப் அடிச்சித் தாரேன். ஆபீஸ்ல மட்டும் மூச்சு விட்டுராதீங்க." எல்லாவற்றையும் சொன்னேன், கல் விஷயம், கை வைத்த விஷயம். சுருக்கெழுத்தில் எழுதிக்கொண்டாள். சேமியா வைத்துக் கொடுத்தேன். மனசு லேசானது.

2-3-86

மனு வந்தது. இரண்டு பக்கம். சந்திரா ஒவ்வொரு வரியாக விரல் வைத்துத் தமிழில் சொன்னாள். ஒரு இடத்தில் நிறுத்தி, "இந்த வார்த்தை கொஞ்சம் காரமா இருக்குக்கா, மாத்திருவமா?" என்றாள். இருக்கட்டும் என்றேன். கீழே தமிழில் கையெழுத்துப் போட்டேன்.

இவர் மட்டும், "வேற யாருட்டயாவது ஒருக்கா காட்டிட்டுப் போடேன்" என்றார். யாரைச் சந்தேகப்படுகிறீர்கள் என்று சண்டைக்குப் போய்விட்டேன். மனுவைத் தபாலில் சேர்க்க சந்திராவே கொண்டு போனாள்.

30-3-86

பதில் இல்லை. வாசல் கல்லுக்கு முன்னால் பெரிய பெரிய பூந்தொட்டிகள் வைத்திருக்கிறார்கள்.

16-4-86

இவரோடு வார்டு ஆபீஸ். அங்கே வேலை பார்க்கிற மாட்டுங்காத் தமிழர் ஒருவர், அனந்தநாராயணன், ஃபைலை எடுத்தார். "மனுன்னு எதுவும் வரலையேம்மா. அந்த சென்டர்லேர்ந்து இந்த லெட்டரோட காப்பிதான் வந்திருக்கு. கையெழுத்து உங்களோடதுதானே?" என்னுடையதுதான். நூர் நிஷா, அதே சுழி.

வாசித்துச் சொன்னார். அனுமதி இல்லாமல் சதுக்கத்தில் தொழில் செய்தேன், தப்பை ஒப்புக்கொள்கிறேன், இனிமேல் கேமரா கொண்டுவர மாட்டேன், போலீஸில் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இரண்டு பக்கமும் அதுதான். "தெரியாம போட்டுட்டேளா?" என்றார். இவர் என்னைப் பார்க்கவில்லை. "அன்னைக்கே சொன்னேனே" என்று பஸ்ஸிலாவது சொல்லியிருக்கலாம்.

17-4-86

தூக்கமில்லை.

இல்லாத வரியை எப்படி வாசிச்சா? கண்ணு இங்கிலீஷ்ல, வாயி தமிழ்ல, ஒரு இடத்துலகூட திக்கலயே. காரமா இருக்காம், மாத்தணுமாம் — எந்த வார்த்தையடி? அதுல என்ன காரம் இருந்துச்சி? நான் இருக்கட்டும்னு சொல்லுத வரைக்கும் எம் மூஞ்சியப் பாத்துக்கிட்டுல்லா இருந்தா. எங்க வீட்டுச் சேமியாவத் தின்னுக்கிட்டே எழுதினா.

20-4-86

அவள் வீட்டுக்குப் போனேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"லெட்டர் வாங்கலன்னா வேலை போயிரும்னு சேட் சொல்லிட்டாருக்கா. அவுகளுக்கும் மில்லு மூடுனதுலருந்து வேலை இல்ல. நீங்க எங்கயும் எடுத்துக்கிடலாம். நான் எங்க போவேன்?"

"எங்கிட்ட உண்மையச் சொல்லியிருந்தா?"

"கையெழுத்துப் போட்டிருப்பீங்களா?"

மாட்டேன்தான். அவளுக்கும் அது தெரிந்திருக்கிறது. தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

8-6-86

சதுக்கத்தில் புது போட்டோ ஸ்டால். அனுமதி பெற்ற போட்டோகிராபர்: வேலுச்சாமி. கேமரா பிடிக்க அவர் கற்றுக்கொண்டது எங்கள் ஸ்டுடியோவில், இவரிடம். அப்படியென்றால் வேலை போய்விடும் என்று சொன்னது பாதிக் கதைதான்.

9-6-86

இவர் ஷோகேஸிலிருந்து அவள் படத்தை எடுக்கப் போனார். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். ஷோகேஸை மூடிச் சாவியை எடுத்துக்கொண்டேன்.

29-6-86

நஸீரா வந்தாள். வேலுச்சாமி முன்னால் மகளை நிறுத்த மாட்டாளாம். வேறு வழியில்லாமல் அவர்கள் குடியிருக்கும் ஒற்றை அறைக் கோலியின் வாசலிலேயே எடுத்தேன். பின்னால் தகரச் சுவர், நீலத் தண்ணீர் டிரம், எல்லாம் விழுந்திருக்கிறது. "டிரம்மயாவது நகத்தக் கூடாதா?" என்றாள். நகர்த்தினால் தண்ணீர் சிந்தும், தண்ணீர் நாளைக்குத்தான் வரும். அப்படியே எடுத்தேன். பேகம் மட்டும் சிரித்தாள்.

19-8-86

கடையநல்லூரிலிருந்து நஸீராவுக்குக் கடிதம். பெண் பிடித்திருக்கிறதாம். டிரம்மைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

2-11-86, ஞாயிறு

சந்திரா ஸ்டுடியோவுக்கு வந்தாள், ஆறு மாசத்துக்குப் பிறகு. பெண்கள் யாரும் ஸ்டாலுக்கு வருவதில்லையாம். "பொம்பளையாளுக்கு மட்டும் நீங்க வந்து எடுங்கக்கா. சேட்டும் சரின்னுட்டாரு. உங்களுக்கு பாஸ் தருவாவ." கைப்பையிலிருந்து ஒரு இங்கிலீஷ் காகிதத்தை எடுத்து மேஜையில் விரித்தாள். பேனாவையும் மூடி கழற்றி வைத்தாள்.

"வாசிச்சிக் காட்டட்டுமாக்கா?"

கேட்டுவிட்டு அவளே தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் எழுந்து போய் ஷோகேஸைத் திறந்து அவள் படத்தை எடுத்தேன். இவர் உள்ளேயிருந்து நெகடிவைத் தேடிக் கொண்டுவந்தார். இரண்டையும் அந்தக் காகிதத்தின் மேல் வைத்தேன்.

"இது உங்க இடத்துல, அனுமதி இல்லாம எடுத்த படம். கொண்டு போயிரு."

எல்லாவற்றையும் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். பேனாவை மறந்துவிட்டாள்.

நாளை பேகத்துக்கு நிக்காஹ். பெண்கள் பக்கம் முழுக்க நான்தான். ஃபிலிம் மூன்று ரோல் எடுத்து வைத்தாயிற்று.