முதுநகரில் பார்த்த வீடு

ஞாயிறு, ஐப்பசி 9

அடுத்த மாதம் ரிட்டயர் ஆகிறேன், குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். இன்று கடலூர் முதுநகரில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்தேன். என் மனைவி செல்வி பிறந்து வளர்ந்த ஊர். அவள் இறந்து ஒரு வருடம் ஆகிறது. அங்கே குடிபோகலாம் என்று அவள் கேட்டபோதெல்லாம், "ரிட்டயர் ஆனதும் போவலாம்" என்றே சொல்லிவந்தேன்.

உப்பனாறு, பூட்டிக் கிடக்கும் பழைய கிடங்குகள், முகத்துவாரத்துப் படகுகள் எல்லாம் அவள் சொன்ன இடத்திலேயே இருந்தன. யாரிடமும் வழி கேட்கவில்லை.

"கடல் ஏறுனா கெணத்துத் தண்ணி உப்பு கரிக்குங்க" என்ற வீட்டுக்கார அம்மா, "எத்தினி பேருங்க?" என்றார்.

"ரெண்டு பேருங்க." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அப்ப வூட்டம்மாவக் கூட்டிகினு வந்து காட்டிடுங்க. அவங்களுக்குப் புடிக்கணும் இல்ல?"

"அவளுக்குப் புடிச்ச ஊருதாங்க" என்றேன். அடுத்த ஞாயிறு அழைத்து வருவதாகவும் சொல்லித் தொலைத்திருக்கிறேன்.