தண்டவாளத்தில் விழுந்த நிழல்

அன்புள்ள கிழவா,

உன் கேமராவைத் தூக்கிக்கொண்டு நேற்று நிலக்கரி ரயிலைத் துரத்தப் போனேன். வழியில் கிராஃப்டனில் நாம் எப்போதும் தின்னும் கறி வைத்த ரொட்டி, அந்தப் பெப்பரோனி ரோல், வாங்கினேன். பழக்கதோஷம், இரண்டு வாங்கிவிட்டேன்.

மேட்டில் ரயில் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டுதான் ஏறுகிறது. காரில் முந்திப் போய் அடுத்த வளைவில் நிற்க எனக்கு நேரமிருந்தது. ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் ரயில் சிக்னலுக்காக நின்றபோது, எஞ்சின் ஓட்டும் வெண்டல் தலையை நீட்டினான்.

"எங்க நம்மாளு? நீ மட்டும் தனியா நிக்கிற?"

"தூங்குறான்."

"வண்டி வர்ற நேரத்துல தூங்குற ஆளா அவன்?"

நான் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது உனக்கென்று நீளமாக ஒரு விசில் கொடுத்தான்.

படங்களை இதோடு வைத்திருக்கிறேன். மூக்கிலிருந்து குழாயைப் பிடுங்காமல் பார்; நர்ஸ் என்னைத்தான் திட்டுகிறாள். எல்லாப் படத்திலும் கீழே என் நிழல் கிடக்கும். வெயில் முதுகில் விழுந்தால் ஒதுங்கி நிற்க வேண்டுமென்று எனக்கும் தெரியும். "நிழலத் தள்ளு, படம் கெடுது" என்று முப்பது வருடமாகக் கத்தியவன்தானே நீ. வீட்டில் பெட்டி பெட்டியாகப் படம், ஒவ்வொரு எஞ்சினுக்கும் நம்பர் எழுதி வைத்திருக்கிறாய். ஒன்றிலாவது நான் இருக்கிறேனா? நீதான் இருக்கிறாயா?

அதனால் வேண்டுமென்றேதான் அங்கே நின்றேன். நட்டநடுவில் இல்லை, கொஞ்சம் இடப்பக்கமாக. வலப்பக்கம் உன் நிழல் விழ இடம் விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் காரோட்டி