பெரிய சக்கரம், குறைந்த மைல்

ஜூலை 6, 1942, திங்கள்
காலையிலிருந்து மலைக்காற்று. சாரல். துணி காயவில்லை.

சாயங்காலம் அவர் வாடிய முகத்தோடு வந்தார். பஸ்ஸை வேகமாக ஓட்டினாராம். மம்சாபுரத்துக்குப் பாதை பிரியும் விலக்கில் சப்-இன்ஸ்பெக்டர் மறித்து லைசென்ஸை வாங்கிக்கொண்டாராம். இரண்டு மைல்கல்லுக்கு நடுவே கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறார்.

"மீட்டரு இருவத்தஞ்சு மைலைத் தாண்டல, எஸ்தரு. ஒனக்குக் குடுத்த வாக்கை மீறுவேனா?"

என் அண்ணன் போனது லாரி கவிழ்ந்து. அதற்குப் பிறகு நான் வாங்கிய வாக்கு. நம்புகிறேன். அவரைச் சாப்பிட வைக்கத்தான் முடியவில்லை.

ஜூலை 7, செவ்வாய்
பள்ளிக்கூடத்தில் பின்னக் கணக்கு. மனம் ஒட்டவில்லை. சீயக்காய், உப்பு வாங்க மறந்தாயிற்று.

பஸ் முதலாளி சொன்னாராம்: "வெள்ளிக்குள்ள லைசென்சு வரலன்னா வேற ஆளு பாத்துக்கிடுதேன்."

விளக்கு ஏற்றும்போது அவரே பேச்சை எடுத்தார். "போன வாரத்துல இருந்து வண்டி ஒரு மாதிரி போவுது. சண்டையினால பழைய அளவு டயரு கெடைக்கல. பின்னாடி பெரிய சக்கரமா மாட்டிருக்கோம்."

சாப்பாட்டுத் தட்டையும் செம்பு மூடியையும் நிமிர்த்தி, தரையில் ஒரே ஒரு சுற்று உருட்டிக் காட்டினேன். தட்டு பாயைத் தாண்டிப் போனது. மூடி பாதிகூடப் போகவில்லை.

"மீட்டருக்குச் சுத்தை எண்ணத்தான தெரியும்? சக்கரம் பெருசானது அதுக்கு எப்படித் தெரியும்?"

தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதிலேயே சோறு போடச் சொன்னார்.

ஜூலை 9, வியாழன்
லீவு. இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனுக்கு. சப்-இன்ஸ்பெக்டர் முதலில் சிரித்தார். ஆனாலும் அதே பஸ்ஸில் ஏறினார். ஓட்டியது வேறு டிரைவர். நான் மைல்கல்லைச் சொல்ல, என் வீட்டுக்காரர் மீட்டரில் ஓடிய மைலைப் படித்தார். ராஜபாளையம் வந்தபோது கல் கணக்கு ஏழு. மீட்டரில் ஆறுதான்.

"நீரு பொய் சொல்லல. ஆனா வேகமாத்தான் போயிருக்கீரு," என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "இனி மீட்டரு இருவதைத் தாண்டக் கூடாது." லைசென்ஸை நீட்டினார்.

எனக்கு அழுகை. இருமுவதுபோல முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

ஜூலை 10, வெள்ளி
நல்ல வெயில். அவர் பஸ்ஸிலேயே பள்ளிக்கு. பின்னால் ஒரு பெரியவர்: "ஏலே டிரைவரு, மாட்டு வண்டி முந்திரும் போலருக்கே."

"மீட்டரு கம்மியாக் காட்டுது ஐயா. நெசத்துல கூடத்தான் போவுது."

எட்டிப் பார்த்தேன். முள் பதினைந்தில்.

இறங்கும்போது கேட்டேன், "இருவது போகலாம்னுதான சொன்னாக?"

"நீ உள்ள இருந்தியே," என்றார். கண்டக்டர் ரைட் சொல்லிவிட்டான்.