செத்த கணக்கு

என் குட்டிக்கு,

கை எப்படி இருக்கிறதென்று கேட்கும் தைரியம் எனக்கில்லை. விபத்தில் அது முறிந்த அன்று வண்டியை ஓட்டியது நான்தானே.

இன்று ஆய்வகத்தில் பலத்த காயம் பட்ட கணையத் திசுவைப் பார்த்தேன். சாயம் ஏற்றினால், மரபணு இழை அறுந்த செல்கள் பழுப்பாகத் தெரியும். பெருகாமல் சும்மா நின்றதால் அவற்றைச் செத்த கணக்கில் எழுதிவிட்டேன்.

எங்கள் டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். "ஏம்மா, உயிரோட இருக்கறதுக்குப் பாடை கட்டிட்டியே! அறுந்ததை ஒட்டிக்கிட்டு இருக்கு. ஒட்டி முடிக்காம பெருகினாதான் ஆபத்து. அவசரப்படாதே."

அடித்துத் திருத்தினேன்.

ஆறு வாரமாக நீ பேசாததையும் நான் அதே கணக்கில்தான் எழுதியிருந்தேன். அதையும் அடித்துவிட்டேன். "இன்னும் கோபமா?" என்று தினமும் கேட்டு உன்னை இனி நச்சரிக்க மாட்டேன்.

நீ நிதானமாகவே பேசு.

அக்கா